சாட்சித்திட்டி

மலையே இல்லாத ஊரில பிறந்து, நாள் முழுக்க மலையைப் பற்றிக் கதைக்கிற மனிசனைக் கட்டினவள் நான். எங்கட ஊரில ஆக உயரமான சாமான் குளக்கட்டு. அதில ஏறி நிண்டால் ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் வயல், அங்கால பனங்காடு, அவ்வளவுதான். கட்டுக்கரைப் பெரிய குளம் வெள்ளைக்காரத் துரைமாரின்ர பொறுப்பு. அதுக்கு ஓவர்சியர், அலுவல் பாக்கிற கந்தோர், குதிரை எல்லாம் இருந்தது. அங்க இருந்து வாய்க்கால் வழியா தண்ணி வந்து விழுற எங்கட சின்னக் குளத்துக்கு நாங்கள்தான் துரை, நாங்கள்தான் கூலி.

என்ர மனிசன் கலியாணத்துக்கு முதல் ஆறு வருஷம் நிலம் அளக்கிற துரை ஒருத்தரோட மலைநாட்டில சங்கிலி பிடிச்சுத் திரிஞ்சவர். அந்தத் துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியுமாம். பின்னேரத்தில கூடாரத்துக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மலை எப்பிடி உண்டாகுது, எப்பிடிக் கரையுது எண்டு சங்கிலிக்காரருக்குச் சொல்லுவாராம். மற்றவை நித்திரை கொள்ளுவினமாம், இவர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறார். ஊருக்கு வந்தாப் பிறகும் அந்தக் கதை விடேல்லை. சோத்தைப் போட்டுக் குடுத்தால், "அங்க முகில் காலுக்குக் கீழால போகும்" எண்டுவார். "முகிலைப் பிறகு பாக்கலாம், சோறு ஆறுது" எண்டு நான் சொல்லுவன்.

நான் சொல்லப்போறது அவற்ற கால் முறிஞ்ச வருஷம். ஆவணிக் கடைசியில கூரை வேய ஏறினவர், வளை முறிஞ்சு கிடுகோட சேர்ந்து கீழ வந்திட்டார். பெரியமடுவில இருந்து முறிவு பாக்கிற பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தம். அவர் மூங்கில் சிலாகை வைச்சுக் கட்டிப்போட்டு, ரண்டு மாதம் பாயை விட்டு எழும்பக்கூடாது எண்டார். "ரண்டு மாதமோ?" எண்டு நான் போட்ட சத்தத்தில முற்றத்தில நிண்ட கோழியெல்லாம் பறந்திட்டுது. சும்மா கத்தேல்லை. வாற மாதம் புரட்டாதி. புரட்டாதி எண்டால் கட்டு வேலை.

குளத்துத் தண்ணியில பங்கு இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டில ஒரு துண்டு இருந்தது. மாரிக்கு முதல் அந்தத் துண்டுக்கு மண் வெட்டிப் போடவேணும். எவ்வளவு போட்டதெண்டு கட்டை அளக்கிறதில்லை, மண் எடுத்த கிடங்கைத்தான் அளக்கிறது. போட்ட மண்ணைப் பொலபொலவெண்டு குவிச்சு ஏமாத்தலாம், கிடங்கில ஏமாத்தேலாது. ஆழம் தெரியிறதுக்காகக் கிடங்குக்கு நடுவில ஒரு துண்டு நிலத்தை வெட்டாமல் விடுவம். ஒரு ஆள் குந்தி இருக்கக்கூடிய அகலத்தில, தலையில புல்லோட அது தனிய நிக்கும். அதுக்குப் பேர் சாட்சித்திட்டி. ஊருக்குத் தலைமையான விதானையார் வந்து கோலை அதுக்குப் பக்கத்தில ஊண்டி, புல்லில இருந்து அடிவரைக்கும் பாப்பார். இடுப்பளவு இருந்தால் வேலை சரி. கிடங்கும் நாலு பக்கமும் அதே ஆழத்துக்கு இருக்கவேணும்.

அந்தத் திட்டியில ஒருத்தரும் கை வைக்கிறதில்லை. ஆரோ ஒருத்தன் முந்தி அதின்ர தலையில மண் அப்பி, மேல புல்லை ஒட்டி உயர்த்திப் பாத்தவனாம். பிடிபட்ட பிறகு அவன்ர வீட்டில ஒருத்தரும் பெண் எடுக்கேல்லை, குடுக்கேல்லை. சாட்சி இல்லையெண்டால் நீங்கள் வெட்டினது கிடங்கே இல்லை. வேலை செய்யாத ஆளின்ர வயலுக்குப் போற வாய்க்கால் வாயை அந்தப் போகம் முழுக்க மண் போட்டு அடைச்சுப்போடுவினம்.

போன போகம் மழை பிந்தி எங்கட வயல் பதராய்ப் போச்சு. வீட்டில மிச்சம் இருந்தது ஒரு மூடை விதைநெல். இந்தப் போகமும் தண்ணி இல்லையெண்டால் அந்த விதையைக் குத்தித் திண்டுபோட்டு, வயலை விட்டிட்டு, தலைமன்னார்ப் பக்கம் றெயில்பாதைக்குக் கல்லுச் சுமக்கப் போகவேண்டியதுதான். போன ஆக்களில ஒருத்தரும் திரும்பி வந்து வயல் செய்ததை நான் காணேல்லை. அந்த மூடையை உரலில போட விடமாட்டன் எண்டு எனக்கு நானே சத்தியம் பண்ணினன்.

"ஆரையும் ஒருத்தனைப் பிடிச்சு விடுவம்" எண்டார் இவர்.

"ஆரை? எல்லாருக்கும் அவையவையின்ர துண்டு கிடக்குது. நான் வெட்டுறன்."

"நீயோ? பொம்பிளையள் கடகம் சுமக்கிறதுதான் வழக்கம். மண்வெட்டி பிடிச்சுக் கட்டில நிண்டால் சனம் சிரிக்கும்."

"மண்வெட்டிக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமோ? நீங்கள் பேசாமல் படுங்கோ."

அடுத்த நாள் விடியப் போனன். கட்டின்ர முடிவில வயல் பக்கம் ஒரு மேட்டுத் திடல், அதுதான் எங்கட கிடங்குக்கு விட்ட இடம். நானே வெட்டி, நானே கடகத்தில நிரப்பி, நானே சுமந்து கொண்டுபோய்க் கொட்டினன். முதல் நாளே உள்ளங்கை ரண்டும் கொப்புளம். பக்கத்துத் துண்டுக்காரர் நிண்டு பாத்து, "என்ன பிள்ளை, கிணறு வெட்டுறியோ?" எண்டு கேட்டார். "இல்லை அண்ணை, சில பேற்ற வாயை அடைக்க மண் எடுக்கிறன்" எண்டன். அவற்ற மனிசி கடகத்தைக் கீழ போட்டிட்டுச் சிரிச்சா.

இடுப்பளவுக்குக் கிட்டப் போகேக்க மண் மாறிச்சுது. மேல சிவந்த மண், அதுக்குக் கீழ கருங்களி, அதுக்கும் கீழ ஒரு சாண் கனத்துக்கு வெள்ளைச் சிப்பி. கடற்கரையில கிடக்கிற அதே சிப்பிதான். கடல் எங்க, எங்கட வயல் எங்க! ஒரு கை அள்ளிச் சீலைத்தலைப்பில முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டு போய், "ஆர் இதைக் கொண்டுவந்து தாட்டது?" எண்டு இவரிட்டக் கேட்டன்.

அந்த மனிசனின்ர முகத்தைப் பாக்கவேணுமே! கால் முறிஞ்சதையும் மறந்து எழும்பப் பாத்தார்.

"ஒருத்தரும் புதைக்கேல்லை. இது கடல் இருந்த இடம். நிலம் எழும்பி வந்திருக்குது. துரை சொன்னவர், நிலம் சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம். கீழ இருந்து தள்ளும், மேல எழும்பும். மலை எல்லாம் அப்பிடி எழும்பினதுதான். எழும்பத் தொடங்கின நாளே மழையும் கரைக்கத் தொடங்கும். எழும்புறது முந்தினால் மலை வளரும். ரண்டும் சரிக்குச் சரி எண்டால், எத்தினை காலமெண்டாலும் ஒரே உயரத்தில நிக்கும். எழும்புறது நிண்டால் கரைஞ்சு கரைஞ்சு எங்கட ஊர் மாதிரித் தட்டையாப் போயிடும்."

"கரைஞ்சது எல்லாம் எங்க போகுது?"

"ஆத்தோட வருது. உன்ர வயல் வண்டல் ஒரு காலத்தில ஒரு மலையின்ர உச்சி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியும் இருந்தது. அவர் விடேல்லை. "இன்னொண்டு சொன்னவர். மன்னார்த் துறையில வத்தைத் தோணியில இருந்து மூடையளை இறக்க இறக்க வத்தை தண்ணிக்கு மேல எழும்புதெல்லோ? மலையும் அப்பிடித்தானாம். மழை மேல பாரத்தைக் கரைச்சுக் குறைக்க, அடி இன்னும் எழும்புமாம்."

"எங்கட கட்டைக் கரைச்சால் ஏன் எழும்புதில்லை? அதையும் உங்கட துரையிட்டக் கேட்டிருக்கலாமே" எண்டன். அதோட கேக்க நினைச்சதையும் கேட்டன். "எங்கட துண்டு மட்டும் ஏன் ஒவ்வொரு மாரிக்கும் கரையுது? வருஷா வருஷம் நீங்கள் மேல மேலதானே போடுறனீங்கள்."

இவர் கையில இருந்த சிப்பியைக் கீழ வைச்சார். பிறகு சொன்னார்: "மேல போடப் போடச் சரிவு கூடுது. சரிவு கூடினால் தண்ணி வேகமா இறங்கும், வேகமா இறங்கினால் கூட வெட்டும். மலைக்கும் அதுதான் கதை. உயர உயர மழை கடுமையாக் கடிக்கும். அதாலதான் ஒரு மலையும் வானத்தை முட்டுறதில்லை."

"இதை இத்தினை வருஷமாத் தெரிஞ்சுகொண்டே உச்சியில கொட்டினனீங்களோ?"

"எல்லாரும் உச்சியிலதானே கொட்டுறவை."

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. அடுத்த நாளில இருந்து ஒரு கடகம் மண்கூட உச்சியில போடேல்லை. எல்லாத்தையும் அடியில கொட்டி, மிதிச்சு, சரிவைப் படுக்கையாக்கினன். ஊர் சிரிச்சுது. "கட்டுக்கு வயிறு வைச்சிருக்குது" எண்டு பக்கத்துத் துண்டுக்காரர் சொன்னார். "பத்து மாதம் பொறுங்கோ, பிள்ளை பிறக்கும்" எண்டன். புரட்டாதி முடியிறதுக்குள்ள கிடங்கு நாலு பக்கமும் சிப்பி தெரிய வெட்டி முடிச்சன். நடுவில என்ர சாட்சித்திட்டி நிண்டுது. தலையில பச்சைப் புல்லு, இடையில சிவப்பு, அதுக்குக் கீழ கறுப்பு, அடியில வெள்ளை. விதானையார் ரண்டு நாளில அளக்க வாறன் எண்டு சொல்லி அனுப்பியிருந்தார். சீவியத்தில முதல்முறையா ஒரு வேலையை நான் நிண்டு வடிவு பாத்தது அண்டைக்குத்தான்.

அடுத்த நாள் காலமை மழை தொடங்கினது. ஐப்பசி பிறக்க முதலே வந்த மழை. மத்தியானத்துக்குள்ள வாய்க்காலும் பெருகி, குளத்துத் தண்ணி கட்டின்ர பாதிக்கு ஏறிட்டுது. மனசு கேக்காமல் சாக்கைத் தலையில போட்டுக்கொண்டு ஓடினன். எங்கட துண்டில, நான் மண் போட்ட இடத்துக்கு மேல பழைய எலிவளை ஒண்டால தண்ணி வயல் பக்கம் வந்துகொண்டிருந்தது. கட்டில ஊறி வாற தண்ணி தெளிவா இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளுக்க கட்டைத் தின்னுது எண்டு அர்த்தம். வந்தது தேத்தண்ணி நிறத்தில இருந்தது. நான் பாத்துக்கொண்டு நிக்கவே கைப்பிடி அளவு ஓட்டை கால் போற அளவாச்சு.

கத்தினன். மழைச் சத்தத்தில எனக்கே கேக்கேல்லை. கடகத்தில மண் அள்ளிக் குளப்பக்கத்தால திணிச்சன், சேறாக் கரைஞ்சு போச்சு. திரும்பவும் திணிச்சன், அதுவும் போச்சு. இறுகின களி வேணும். கிடங்கின்ர கரை நாலு பக்கமும் ஏற்கனவே இடிஞ்சு கூழாக் கிடந்தது. புதுசா ஒரு இடத்தில களி வரும்வரைக்கும் வெட்ட நேரமில்லை. நடுவில, நாலு பக்கமும் வெட்டி வைச்ச மாதிரி, அந்தத் திட்டி மட்டும் அசையாமல் நிண்டுது.

நான் யோசிக்கேல்லை எண்டு சொன்னால் அது பொய். யோசிச்சனான். இதை வெட்டினால் என்ர ஒரு மாத வேலைக்குச் சாட்சி இல்லை, வயலுக்குத் தண்ணி இல்லை. வெட்டாட்டில் ஊருக்கே தண்ணி இல்லை. "கடவுளே, எனக்கு எண்டுதானோ இப்பிடி!" எண்டு அழுதுகொண்டே மண்வெட்டியை ஓங்கினன்.

தலைப்புல்லுத் துண்டை முதல் வெட்டி ஒரு பக்கம் வைச்சன். அதைச் சேத்துக்க திணிக்க மனம் வரேல்லை. பிறகு சிவப்பு, பிறகு கறுப்பு, கடைசியாச் சிப்பிக்களி. துண்டு துண்டாத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பளவு தண்ணியில நிண்டு, ஓட்டைக்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வைச்சுக் காலால மிதிச்சு இறுக்கினன். கடைசியா அந்தப் புல்லுத் தலையால வாயை அடைச்சன். மற்றப் பக்கம் ஓடிப்போய்ப் பாத்தால் கலங்கல் மெல்ல மெல்லத் தெளிஞ்சுது. பிறகு நிண்டுபோச்சு. நான் அதிலேயே சேத்தில இருந்திட்டன்.

ரண்டாம் நாள் மழை விட்டு விதானையார் வந்தார். பங்குக்காரர் எல்லாரும் பின்னால. கிடங்கு குளம் மாதிரி நிரம்பிக் கிடந்தது. கோலை விட்டுப் பாத்தார், சேறு நிரம்பி முழங்கால் ஆழம்தான் காட்டினது.

"எங்க பிள்ளை சாட்சி?"

"கட்டுக்குள்ள."

எல்லாரும் சிரிச்சினம். நான் நடந்ததைச் சொன்னன். விதானையார் கெட்ட மனிசன் இல்லை, ஆனால் சட்டத்தை விட்டு ஒரு விரற்கடை நகரமாட்டார். "நீ சொல்லுறதை நான் நம்பலாம். நாளைக்கு இன்னொருத்தன் வந்து, நானும் வெட்டிக் கட்டுக்குள்ள வைச்சிட்டன் எண்டால் என்ன செய்யிறது? சாட்சி இல்லாமல் நான் வாய்க்காலைத் திறக்கேலாது."

எனக்குக் கண்ணுமண் தெரியேல்லை. மண்வெட்டியை எடுத்து அவற்ற கையில திணிச்சன். "சாட்சி இந்தா இந்த இடத்தில நிக்குது. வெட்டிப் பாருங்கோ விதானையார்! இப்பவே வெட்டுங்கோ!"

குளம் அப்ப முக்காலுக்கு ஏறி நிண்டுது. "ஐயோ, வெட்டாதேங்கோ!" எண்டு பங்குக்காரர் எல்லாரும் ஒரே குரலில கத்திச்சினம். அதில முதல் ஆள் பக்கத்துத் துண்டுக்காரர். விதானையார் மண்வெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பாத்தார். பிறகு அதைக் கீழ வைச்சார்.

"ஆனியில குளம் வத்தும். அப்ப நானே வந்து வெட்டுவன், அதுவரைக்கும் உனக்கு வாய்க்கால் திறந்திருக்கும். நீ சொன்னபடி இருந்தால் சரி. இல்லையெண்டால் உன்ர பங்கு வேற ஆளுக்குப் போகும், ஒரு போகத்துக்கு இல்லை, முழுக்க. சம்மதமோ?"

"ஓம்" எண்டன்.

வீட்டுக்கு வந்து சொன்னன். இவர் கூரையைப் பாத்துக்கொண்டு கேட்டார்: "இஞ்சேர், கோவிக்காதை. திட்டி குட்டையா இருந்ததாலயோ வெட்டினனி? இடையில களைச்சுப்போய்க் கொஞ்சம் விட்டனியோ? சொன்னால் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

விதானையார் கேட்டது எனக்குச் சுடேல்லை. இது சுட்டுது. கொப்புளம் உடைஞ்ச கையால அந்த மனிசனுக்குக் கஞ்சி பருக்கினவள் நான். "ஆனியில தெரியும்" எண்டு மட்டும் சொன்னன். அண்டையில இருந்து மலைக்கதை ஒண்டும் நான் கேக்கேல்லை. அவர் தொடங்கினால் எழும்பிப் போயிடுவன்.

விதைநெல்லை விதைச்சன். தண்ணி வந்தது. அந்த மாரியில கட்டின்ர மற்றத் துண்டுகள் எல்லாம் கீறிக் கீறி இறங்கினது, எங்கட வயிறு வைச்ச துண்டு கரையேல்லை. பயிர் நல்லா வந்தது. ஆனாலும் மாசியில அரிவு வெட்டேக்க எனக்குச் சந்தோஷம் இல்லை. அடுத்த வருஷம் இதில வேற ஆரும் நிப்பினமோ எண்டுதான் ஒவ்வொரு பிடிக்கும் நினைச்சன்.

ஆனியில குளம் வத்தி வெடிச்சுது. விதானையார் சொன்னபடி வந்தார். இவரும் பொல்லை ஊண்டிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து கட்டடியில நிண்டார். நான் இடத்தைக் காட்டினன். விதானையார் தன்ர கையாலேயே வெட்டினார்.

முதல் வந்தது புல்லுத் தலை. புல்லு அழுகிப் போயிருந்தது, வேர் மட்டும் பின்னிப் பிடிச்சபடி இருந்தது. அதுக்குப் பின்னால வெள்ளைச் சிப்பிக்களி. பிறகு கறுப்பு. பிறகு சிவப்பு. மிதிச்ச என்ர குதிக்கால் அடையாளம்கூட ஒண்டில கிடந்தது. ஒருத்தரும் சிரிக்கேல்லை. விதானையார் ஒவ்வொரு துண்டா வெளிய எடுத்து, நிலத்தில வரிசையா வைச்சார். புல்லு, சிவப்பு, கறுப்பு, வெள்ளை. எடுத்த இடத்தில நிண்ட மாதிரியே இருந்தது. கோலை அதுக்குப் பக்கத்தில கிடத்தினார். இரண்டாந்தரமும் குனிஞ்சு பாத்தார்.

"இடுப்பளவுக்கு மேல நாலு விரல் கூட வெட்டியிருக்கிறாய் பிள்ளை" எண்டார்.

இவர் பொல்லைப் போட்டிட்டு நிலத்தில இருந்து, அந்தச் சிப்பிக்களித் துண்டில கையை வைச்சார். எடுக்கேல்லை. "என்னை மன்னிச்சுக்கொள்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னார். எங்கட ஊரில மனிசிமாருக்கு அப்பிடி ஒருத்தரும் சொல்லுறதில்லை. "எழும்புங்கோ, கால் இன்னும் பொருந்தேல்லை" எண்டு நான் சொன்னன்.

அடுத்த புரட்டாதி வந்தது. கால் ஊண்டி மண்வெட்டி போட அவருக்கு ஏலாது, அது பிறகு ஒருநாளும் ஏலேல்லை. நான் கிடங்குக்குள்ள இறங்கி வெட்டினன். அவர் கடகத்தைத் தலையில வைச்சு, நொண்டி நொண்டி, பொம்பிளையளின்ர வரிசையில நடந்தார். கட்டில நிண்ட சனம் எல்லாம் பாத்தது. அவர் ஒருத்தரையும் பாக்கேல்லை. கட்டடியில வந்து நிண்டு, நான் ஒண்டும் சொல்லாமலே, மண்ணை அடியில கொட்டினார்.